வேகமாக ஓடும், வழி தவறும்: நாள்பட்ட நுரையீரல் நோயும் வெள்ளையணுக்களும்

நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்தால், வெள்ளையணுக்களின் எண்ணிக்கை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சில சமயம் அளவுக்கு மேலேயே இருக்கும். அவர்கள் இருமித் துப்பும் சளியை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாலோ வெள்ளையணுக்கள் மொய்த்துக் கிடக்கும். இருந்தும் பலருக்கு வருடத்தில் இரண்டு மூன்று முறையாவது நெஞ்சில் சளி கட்டி, மூச்சு வாங்கி, ஆன்டிபயாடிக் எடுக்க வேண்டியதாகிவிடுகிறது. கிருமியைக் கொல்வதற்கென்றே இருக்கும் அணுக்கள் இத்தனை குவிந்திருந்தும் கிருமி ஏன் போக மாட்டேன் என்கிறது?

நியாயமான கேள்வி. இதற்கான பதிலில் ஒரு பெரிய பங்கு, அந்த அணுக்கள் நகரும் விதத்தில் இருக்கிறது. எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கிறோம். அவை எப்படிப் போய்ச் சேருகின்றன, சேருவதற்குள் வழியில் என்ன செய்கின்றன என்பதைச் சாதாரணப் பரிசோதனை எதுவும் காட்டுவதில்லை.

இந்தக் கட்டுரையில் மூன்று நோய்கள் வரும். முதலாவது சி.ஓ.பி.டி. பல ஆண்டுகள் புகையும் தூசியும் உள்ளே போய் மூச்சுக்குழாய்கள் குறுகி, காற்று நுண்ணறைகளின் சுவர்கள் சிதைந்து போகும் நோய் இது. இரண்டாவது பிராங்கியெக்டாசிஸ். இதில் மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து தளர்ந்துவிடும், சளி அங்கேயே தேங்கும். மூன்றாவது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவிக் கோளாறு. ஒரு மரபணுவில் உள்ள பிழையால் சளி தண்ணீர்ச்சத்து இல்லாமல் கெட்டியாகிவிடும். அந்த மரபணுவை 1989இல் அடையாளம் கண்டார்கள். காரணம் மூன்றுக்கும் வேறு வேறு. ஆனால் உள்ளே வெள்ளையணுக்கள் படும் பாடு பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஆஸ்துமாவின் கதை பெருமளவு வேறு என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

நியூட்ரோஃபில்

வெள்ளையணுக்களில் பல வகை உண்டு. ரத்தத்தில் அதிகம் இருப்பது நியூட்ரோஃபில். நூறு வெள்ளையணுக்களை எடுத்தால் 50 முதல் 70 வரை இதுவாகத்தான் இருக்கும். ரத்தப் பரிசோதனைத் தாளில் 'பாலிமார்ஃப்ஸ்' என்று ஒரு வரி வருமே, அது இதுதான். எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உற்பத்தி செய்கிறது. அத்தனை ஏன் என்றால், இவற்றின் ஆயுள் குறைவு. ரத்தத்தில் சில மணி நேரம் சுற்றும், திசுவுக்குள் போனால் இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான்.

கிருமியைக் கொல்ல இதனிடம் மூன்று வழிகள் இருக்கின்றன. கிருமியை அப்படியே விழுங்கி உள்ளே வைத்து அழிப்பது முதல் வழி. உள்ளே சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி வைத்திருக்கும் என்சைம்களை வெளியே கொட்டுவது இரண்டாவது. மூன்றாவதை 2004இல்தான் பெர்லினில் உள்ள ஆய்வாளர்கள் விவரித்தார்கள்: நியூட்ரோஃபில் தன் சொந்த டி.என்.ஏ.வையே வலையாக வெளியே வீசி அதில் கிருமியைச் சிக்கவைக்கும். பெரும்பாலும் அதற்குத் தன் உயிரையும் கொடுக்கும். முதல் வழியில் வேலை உள்ளேயே முடிந்துவிடுகிறது. மற்ற இரண்டிலும் சரக்கு வெளியே வருகிறது, அக்கம்பக்கத்தில் இருக்கும் நல்ல திசுவின் மீதும் படுகிறது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் பாதிக் கதை இதை வைத்துத்தான்.

சரி, ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் அணு நுரையீரலுக்குள் எப்படி இறங்குகிறது? உடலின் மற்ற இடங்களில் அது ரத்தக்குழாயின் உட்சுவரில் உருண்டு, மெல்ல வேகம் குறைந்து, ஒட்டிக்கொண்டு, சுவரில் உள்ள இடுக்கு வழியாக வெளியே நுழையும். நுரையீரலில் இந்த உருளலுக்கே இடமில்லை. காற்று நுண்ணறைகளைச் சுற்றி இருக்கும் நுண்ரத்தக்குழாய்களில் பல, நியூட்ரோஃபிலின் அகலத்தைவிடக் குறுகலானவை. ஒரு நுண்தமனியில் நுழைந்து மறுபக்கத்து நுண்சிரைக்குப் போய்ச் சேருவதற்குள் அது 40 முதல் 100 நுண்குழாய்த் துண்டுகளைக் கடக்க வேண்டும். உருண்டையாக இருந்தால் முடியாது. நீள வேண்டும், பிதுங்க வேண்டும். அதன் உட்கரு ஒரே உருண்டையாக இல்லாமல் மூன்று நான்கு மடல்களாகப் பிரிந்திருப்பது இந்தப் பிதுங்கலுக்குத் தோதாக இருக்கிறது. சிவப்பணு ஒரு விநாடிக்குள் கடந்துவிடும் தூரத்தை நியூட்ரோஃபில் பல விநாடிகள், சில நேரம் நிமிடக்கணக்கில், ஊர்ந்து கடக்கிறது. அதனால் எந்த நேரத்தில் பார்த்தாலும் நுரையீரலில் நியூட்ரோஃபில்கள் ஒரு பெரிய கூட்டமாகத் தங்கியிருக்கும். நுரையீரல் ஒரு நாளைக்குச் சுமார் 10,000 லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறது. அதோடு வரும் கிருமிகளை நினைத்தால் கூட்டம் அங்கே தயாராக இருப்பது நல்லதுதான்.

புகை இந்த ஏற்பாட்டைக் குலைக்கிறது. சிகரெட் பிடிக்கும் நேரத்தில் நியூட்ரோஃபில்கள் நுரையீரலைக் கடக்க இன்னும் தாமதமாகின்றன என்று 1989இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. புகை பட்ட அணு விறைத்துப் போகிறது. விறைத்த அணு குறுகலான குழாயில் மாட்டிக்கொள்கிறது. அதாவது அழைப்பே இல்லாமல், வேலையும் இல்லாமல், கூட்டம் அங்கே சேர ஆரம்பிக்கிறது.

திசை அறிவது எப்படி

நியூட்ரோஃபிலுக்குக் கண் இல்லை. வேதிப்பொருள்களை வைத்துத்தான் அது வழி கண்டுபிடிக்கிறது. பாக்டீரியாக்கள் புரதம் தயாரிக்கும்போது ஃபார்மைல் என்ற ஒட்டுடன் கூடிய சிறு துண்டுகள் வெளியே கசியும். நம் உடலின் புரதங்களில் சாதாரணமாக இந்த ஒட்டு இருக்காது, ஆகவே அது பாக்டீரியாவின் அடையாளம். தாக்கப்பட்ட மூச்சுக்குழாய்ச் செல்கள் தங்கள் பங்குக்கு இன்டர்லூகின்-8 என்ற புரதத்தை வெளியிடும். ஏற்கெனவே வந்து சேர்ந்த நியூட்ரோஃபில்கள் லூகோட்ரையீன் பி4 என்ற கொழுப்புப்பொருளை வெளிவிட்டு மற்றவற்றையும் கூப்பிடும். இந்தப் பொருள்கள் கிருமி இருக்கும் இடத்தில் அடர்த்தியாகவும், தள்ளிப் போகப் போக நீர்த்தும் இருக்கும். அடர்த்தி கூடும் பக்கம் நோக்கி அணு நகரும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அளவைப் பாருங்கள். ஒரு நியூட்ரோஃபிலின் நீளம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான். அதன் முன்முனைக்கும் பின்முனைக்கும் இடையே வேதிப்பொருளின் அடர்த்தி 1 அல்லது 2 சதவீதம் வேறுபட்டால்கூட, எந்தப் பக்கம் அதிகம் என்று அது கண்டுபிடித்துவிடுகிறது. உடலியலில் என்னை அசரவைக்கும் விஷயங்களில் இதற்கு முதல் வரிசையில் இடம் உண்டு.

கண்டுபிடித்தபின் முன், பின் என்று இரண்டு பக்கங்கள் அதற்கு உருவாகின்றன. அடர்த்தி அதிகமான பக்கத்தில் ஆக்டின் என்ற புரத இழைகள் சரசரவென்று வளர்ந்து சவ்வை முன்னே தள்ளும். அப்படி நீளும் பகுதிக்குப் போலிக்கால் என்று பெயர். பின்பக்கத்தில் மையோசின் என்ற இன்னொரு புரதம் இறுக்கி, உடலை முன்னே இழுத்து விடும். முன்பக்கம் எது என்று உள்ளே குறித்துவைப்பதில் பி.ஐ.3 கைனேஸ் என்ற என்சைமுக்கு முக்கியப் பங்கு. அந்தக் குறி ஒரே இடத்தில் தெளிவாக விழுந்தால் அணு நேராகப் போகும். பல இடங்களில் சிதறி விழுந்தால் இப்படியும் அப்படியும் அலையும்.

1950களில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் ராஜர்ஸ் மைக்ரோஸ்கோப் வழியாக ஒரு காட்சியைப் படம் பிடித்தார். ஒரு நியூட்ரோஃபில், சிவப்பணுக்களுக்கு நடுவே ஒரு பாக்டீரியாவைத் துரத்துகிறது. பாக்டீரியா நழுவித் திசை மாறும்போதெல்லாம் நியூட்ரோஃபிலும் மாறுகிறது, சிவப்பணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போகிறது, கடைசியில் விழுங்கிவிடுகிறது. இணையத்தில் எளிதில் கிடைக்கும், பார்க்காதவர்கள் ஒருமுறை பாருங்கள். ஆரோக்கியமான அணுவின் திசையறிவு எப்படிப்பட்டது என்பதை அதைவிட நன்றாக விளக்க முடியாது.

சி.ஓ.பி.டி. நோயாளியின் அணு

இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் எலிசபெத் சேப்பியும் அவருடைய சகாக்களும் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சி.ஓ.பி.டி. உள்ளவர்களின் ரத்தத்திலிருந்தும், ஒப்பிடுவதற்காக மற்றவர்களின் ரத்தத்திலிருந்தும் நியூட்ரோஃபில்களைப் பிரித்தெடுத்தார்கள். ஒரு பக்கம் அடர்த்தியாகவும் மறுபக்கம் நீர்த்தும் இருக்கும்படி இன்டர்லூகின்-8 போன்ற ஈர்ப்புப்பொருள்களை வைத்து, நடுவே அணுக்களை விட்டு, அவை போகும் பாதையை மைக்ரோஸ்கோப்பில் படமெடுத்தார்கள்.

சி.ஓ.பி.டி. அணுக்கள் சோம்பேறியாக இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். நடந்தது நேர்மாறு. அவை மற்றவர்களின் அணுக்களைவிட வேகமாக ஓடின. ஆனால் இலக்கை நோக்கி ஓடவில்லை. பாதையை வரைந்து பார்த்தால் கோணல்மாணலாக, சுற்றிச் சுற்றி இருந்தது. போலிக்கால்கள் குறைவாகவே உருவாயின. நோயின் எல்லாக் கட்டங்களிலும், ஆரம்ப நிலையில் இருப்பவர்களிடம்கூட, இது தெரிந்தது. இன்டர்லூகின்-8ஐ உணரும் ஏற்பிகள் அணுக்களின் மேற்பரப்பில் குறைந்திருக்கவும் இல்லை. அப்படியென்றால் செய்தி வந்து சேருகிறது, அதை உள்ளே கையாளும் இடத்தில்தான் கோளாறு. பி.ஐ.3 கைனேஸைத் தடுக்கும் பொருளைச் சேர்த்ததும் கோணல் நடை பெருமளவு சீரானது. மேலே சொன்ன 'முன்பக்கக் குறி' சிதறுகிறது என்ற ஊகத்துக்கு இது வலுச் சேர்க்கிறது.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, இந்த அணுக்கள் ரத்தத்திலிருந்து எடுக்கப்பட்டவை. இன்னும் நோயுற்ற மூச்சுக்குழாய்க்குள் நுழையாதவை. நுழைவதற்கு முன்பே தடுமாற்றம் இருக்கிறது. வயதானவர்களின் நியூட்ரோஃபில்களிலும் இதே குழுவினர் இதைப் போன்ற ஒரு குறையைக் கண்டார்கள்: வேகம் இருந்தது, குறி தவறியது. முதுமையில் நிமோனியா ஏன் கடுமையாகத் தாக்குகிறது என்பதற்கான காரணங்களில் இதையும் சேர்க்கிறார்கள்.

கொஞ்சம் சுற்றி வந்தால் என்ன, எப்படியோ போய்ச் சேர்ந்தால் சரிதானே என்று தோன்றலாம். பிரச்சினை அணுவின் நடைமுறையில் இருக்கிறது. திசுவுக்குள் வழி ஏற்படுத்திக்கொள்ள நியூட்ரோஃபில் என்சைம்களைக் கசியவிட்டுக்கொண்டே போகும். அதில் முக்கியமானது நியூட்ரோஃபில் எலாஸ்டேஸ். நுரையீரல் விரிந்து சுருங்கக் காரணமான எலாஸ்டின் என்ற மீள்புரதத்தை அறுக்கக்கூடியது அது. நேராகப் போனால் சேதம் ஒரு மெல்லிய கோடு, பின்னால் ஆறிவிடும். அலைந்து திரிந்தால் அதே அணு பல மடங்கு பரப்பை அரித்துவிட்டுத்தான் போய்ச் சேருகிறது.

எலாஸ்டேஸைக் கட்டுப்படுத்த உடலிடம் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதம் உண்டு. கல்லீரலில் தயாராகி ரத்தத்தில் மிதந்து வருவது. இதன் முக்கியத்துவம் 1963இல் சுவீடனில் தெரியவந்தது. கார்ல்-பெர்டில் லாரெல், ஸ்டென் எரிக்சன் இருவரும் ரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் பட்டைகளில், ஐந்து பேருக்கு ஒரு குறிப்பிட்ட கோடே இல்லாமல் இருப்பதைக் கவனித்தார்கள். அந்த ஐவரில் மூவருக்கு எம்ஃபசீமா, அதாவது காற்று நுண்ணறைகளின் சுவர் அழியும் நோய். தடுப்பான் இல்லையென்றால் நம் சொந்த என்சைமே நுரையீரலைத் தின்றுவிடும் என்பது அதிலிருந்து புரிந்தது.

தடுப்பான் சரியான அளவில் இருப்பவர்களுக்கும் முழுப் பாதுகாப்பு கிடையாது. நியூட்ரோஃபிலின் பொட்டலத்துக்குள் எலாஸ்டேஸ் அடைக்கப்பட்டிருக்கும் அடர்த்தி, ரத்தத்தில் உள்ள தடுப்பானின் அடர்த்தியைப் போல 100 மடங்குக்கும் மேல். பொட்டலம் உடைந்த அந்தக் கணத்தில், அந்த இடத்தில், தடுப்பான் தோற்கத்தான் செய்யும். பரவி நீர்த்த பிறகுதான் அதன் கை ஓங்கும். ஆகவே எத்தனை பொட்டலங்கள், எங்கெங்கே உடைகின்றன என்பது முக்கியமாகிறது. வழி தவறிய அணுக்கள் கண்ட இடத்திலும் உடைக்கின்றன.

அழைப்பு எல்லாப் பக்கமிருந்தும் வந்தால்

அணுவுக்குள் உள்ள கோளாறு பாதிக் கதை. மீதி, அது போய் இறங்கும் இடத்தின் நிலைமை.

அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று வையுங்கள். வாடை வரும் பக்கம் நடந்தால் அடுப்பைக் கண்டுபிடித்துவிடலாம். வீடு முழுக்க அந்த வாடை மண்டிவிட்டால் மூக்கை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது, எல்லா அறையிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நாள்பட்ட நோயுள்ள மூச்சுக்குழாயில் ஈர்ப்புப்பொருள்கள் இப்படித்தான் மண்டிக் கிடக்கின்றன. இன்டர்லூகின்-8 குறைவதே இல்லை. செத்த செல்களிலிருந்து வெளியேறும் மைட்டோகாண்ட்ரியாவும் பாக்டீரியாவைப் போலவே ஃபார்மைல் ஒட்டுள்ள துண்டுகளை வெளியிடும். அதனால் கிருமி இல்லாத இடத்திலும் கிருமியின் அடையாளம் தெரியும். இதற்கும் மேல், நுரையீரலின் சுவரைத் தாங்கி நிற்கும் கொல்லாஜன் என்ற புரதம் சிதையும்போது மூன்று அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துணுக்கு உருவாகிறது. புரோலின், கிளைசின், மறுபடி புரோலின். அதுவும் நியூட்ரோஃபில்களை ஈர்க்கும். நியூட்ரோஃபில்களின் என்சைம்கள் சுவரை உடைக்கின்றன, உடைந்த துணுக்கு இன்னும் நியூட்ரோஃபில்களை அழைக்கிறது. கிருமியே இல்லாமல்கூட இந்தச் சுற்று ஓடிக்கொண்டிருக்கும்.

வந்து சேர்ந்தவற்றின் வேலையும் அங்கே கெடுகிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நுரையீரலில் எலாஸ்டேஸ் மிதமிஞ்சி இருப்பதால், நியூட்ரோஃபிலின் மேற்பரப்பில் உள்ள இன்டர்லூகின்-8 ஏற்பிகளில் ஒரு வகையை அதுவே வெட்டிவிடுகிறது, அப்படி வெட்டுப்பட்ட அணுவால் பாக்டீரியாவைச் சரியாகக் கொல்ல முடிவதில்லை என்று 2007இல் ஓர் ஆய்வு காட்டியது. சொந்தக் கருவியால் சொந்த உணர்வுறுப்பை வெட்டிக்கொள்கிறது. கிருமியின் மேல் ஒட்டி அதை அடையாளம் காட்டும் ஆன்டிபாடிகளையும் எலாஸ்டேஸ் துண்டாக்கும். மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் நுண்ரோமங்களை மந்தமாக்கும். சளிச் சுரப்பைத் தூண்டும். செத்த நியூட்ரோஃபில்களை அள்ளிப்போடுவது மேக்ரோஃபேஜ் என்ற பெரிய விழுங்கணுக்களின் வேலை. சி.ஓ.பி.டி.யில் அவையும் சரியாக விழுங்குவதில்லை. அள்ளப்படாத அணுக்கள் அழுகி வெடித்து, மிச்சமிருக்கும் பொட்டலங்களும் உடைகின்றன.

கிருமிகளுக்கு இதைவிட வசதியான இடம் வேண்டுமா என்ன? சி.ஓ.பி.டி.யில் அடிக்கடி காணப்படுபவை ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயென்சே, நியூமோகாக்கஸ், மொராக்செல்லா. நோய் முற்றியவர்களிடமும் பிராங்கியெக்டாசிஸ், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்களிடமும் சூடோமோனாஸ் குடியேறிவிடும். சூடோமோனாஸ் தன்னைச் சுற்றிப் பிசின்போல் ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் வரும் நியூட்ரோஃபிலைச் சிதைக்கும் ராம்னோலிப்பிட் என்ற பொருளையும் சுரக்கும். ஹீமோஃபிலஸ் வேறு மாதிரி. அதே கிருமியின் புதுப்புது ரகங்கள் மாறி மாறி வரும். 2002இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நோயாளியின் சளியில் ஒரு புது ரகம் தென்பட்ட சமயங்களில் நோய் திடீரென்று தீவிரமாவது இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. பழைய ரகத்துக்கு உடல் பழகியிருக்கும், புதியதற்கு மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும்.

தொற்று, அழற்சி, திசுச்சேதம், சளித் தேக்கம், மறுபடி தொற்று என்ற இந்த வட்டத்தை 1986இல் பீட்டர் கோல் பிராங்கியெக்டாசிஸுக்காக எழுதிவைத்தார். இன்றும் பாடப்புத்தகங்களில் அந்தப் படம்தான். ஒன்று இன்னொன்றுக்கு மட்டும் காரணமாவதில்லை, ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றையும் தூண்டுகிறது என்று இப்போது திருத்திச் சொல்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. மேலே பார்த்த எலாஸ்டேஸ் ஒன்றே வட்டத்தின் எல்லா இடங்களிலும் தலைகாட்டுகிறதே.

சளியின் நிறமும் ரத்தத்தில் எண்ணிக்கையும்

இவ்வளவும் மைக்ரோஸ்கோப் சமாசாரம். வெளியே கண்ணுக்குத் தெரிவது சளியின் நிறம். சளி பச்சையாக மாறினால் கிருமியின் நிறம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது நியூட்ரோஃபிலின் நிறம். கிருமியைக் கொல்ல அது வைத்திருக்கும் மையலோபெராக்சிடேஸ் என்ற என்சைம், இரும்புச்சத்து கொண்டது, இயல்பிலேயே பச்சை. பொட்டலங்கள் நிறைய உடைந்தால் சளி பச்சையாகும். 2000இல் பர்மிங்ஹாமில் சி.ஓ.பி.டி. தீவிரமான நோயாளிகளின் சளியைப் பரிசோதித்தபோது, பச்சைச் சளியில் 84 சதவீதத்திலும் வெள்ளைச் சளியில் 38 சதவீதத்திலும் பாக்டீரியா வளர்ந்தது. அதனால்தான் மூச்சுத்திணறல் கூடும்போது 'சளி என்ன நிறம், எப்போது மாறியது' என்று மருத்துவர்கள் கேட்கிறார்கள். ஆன்டிபயாடிக் தேவையா என்று முடிவெடுக்க அந்தப் பதில் நிஜமாகவே உதவும். பிராங்கியெக்டாசிஸ் இருப்பவர்களுக்குச் சளி எப்போதுமே நிறமாக இருக்கலாம். அவர்களுக்கு வழக்கமான நிறத்திலிருந்து மாறியதா என்பதுதான் கேள்வி.

ரத்தத்தில் எண்ணிக்கை அவ்வளவு நம்பகமான சாட்சி இல்லை. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாலே நியூட்ரோஃபில் எண்ணிக்கை ஏறும். குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொண்டிருந்தவை கழன்று ரத்த ஓட்டத்தில் சேர்ந்துகொள்வது அதற்கு ஒரு காரணம். மூச்சுத்திணறலுக்காக ஸ்டீராய்டு ஆரம்பித்து, இரண்டு நாள் கழித்து எடுத்த பரிசோதனையில் எண்ணிக்கை 14,000 என்று வந்தால், அது தொற்றா மருந்தா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதே தாளில் ஈசினோஃபில் என்று, வேறொரு வகை வெள்ளையணுவுக்கான இன்னொரு வரி இருக்கும். சி.ஓ.பி.டி.யில் அது பயன்படுகிறது. ஒரு மைக்ரோலிட்டரில் 300க்கு மேல் இருந்தால் இன்ஹேலர் ஸ்டீராய்டு நன்றாகப் பலன் தர வாய்ப்பு, 100க்குக் கீழே இருந்தால் பலன் சொற்பம். இன்ஹேலர் ஸ்டீராய்டால் சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்கு நிமோனியா வாய்ப்புக் கொஞ்சம் கூடும் என்பதும் தெரிந்த விஷயம். அதனால் யாருக்குத் தருவது என்று பார்த்துத் தருகிறார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக இன்ஹேலரை நிறுத்திவிட வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள்.

மற்றபடி, புகையை விடுவது, ஃப்ளூ தடுப்பூசியும் நியூமோகாக்கஸ் தடுப்பூசியும் போட்டுக்கொள்வது, தேங்கிய சளியை வெளியேற்றும் மூச்சுப் பயிற்சிகளைச் செய்வது ஆகியவை அந்த வட்டத்தை வெவ்வேறு இடங்களில் தளர்த்துகின்றன. பார்க்கச் சாதாரணமாகத் தெரிந்தாலும் பல மருந்துகளைவிட இவை மேல்.

மருந்தால் சரிசெய்ய முடியுமா?

நியூட்ரோஃபில்தான் சேதம் செய்கிறது என்றால், அதை உள்ளே வரவிடாமல் தடுத்துவிட்டால்? அதையும் செய்து பார்த்தார்கள். லூகோட்ரையீன் பி4இன் அழைப்பை அடைக்கும் ஒரு மருந்தைச் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளுக்குக் கொடுத்தபோது நுரையீரல் தொற்றுகள் அதிகமாகி, ஆய்வையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. பாதி திறமையோடு வேலை செய்தாலும் அந்த அணுக்கள் கிருமியை ஓரளவு அடக்கித்தான் வைத்திருந்தன. இன்டர்லூகின்-8இன் ஏற்பியை அடைக்கும் வேறொரு மருந்து பிராங்கியெக்டாசிஸில் சளியிலுள்ள நியூட்ரோஃபில்களை நன்றாகவே குறைத்தது. ஆனால் நோய் தீவிரமாகும் தடவைகள் குறையவில்லை. கூட்டத்தைக் குறைப்பது மட்டும் போதாது என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

திசையைச் சரிசெய்யும் முயற்சிகளும் நடந்தன. பி.ஐ.3 கைனேஸின் ஒரு வகையைத் தடுக்கும் மருந்தை மூச்சு வழியே கொடுத்துப் பார்த்தார்கள், சி.ஓ.பி.டி. தீவிரமான சமயத்தில் அதனால் பலன் கிடைக்கவில்லை. கொலஸ்ட்ராலுக்குத் தரும் சிம்வாஸ்டாட்டின், வயதானவர்களின் நியூட்ரோஃபில் நடையைச் சீராக்குகிறது என்று பர்மிங்ஹாம் குழு காட்டியது. ஆனால் அதே மருந்தை சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்கு நீண்ட நாள் கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வில், 2014இல் வந்தது, நோய் தீவிரமாகும் தடவைகள் குறையவில்லை. கண்ணாடித் தகட்டில் நேராக நடக்கவைப்பது வேறு, நோயுற்ற நுரையீரலுக்குள் நடக்கவைப்பது வேறு.

அசித்ரோமைசின் கதை கொஞ்சம் சுவாரசியம். ஆன்டிபயாடிக்தான், ஆனால் அழற்சியையும் தணிக்கும். 2011இல் 1,142 சி.ஓ.பி.டி. நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில், தினமும் 250 மில்லிகிராம் ஒரு வருடம் எடுத்தவர்களுக்கு அடுத்த தீவிரத் தாக்குதல் வர நடுமட்டமாக 266 நாள்கள் ஆயின. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 174 நாள்கள். பதிலுக்குச் சிலருக்குக் காது கேட்பது குறைந்தது. இதயத்துடிப்பைப் பாதிக்கலாம் என்பதால் தொடங்குமுன் ஈ.சி.ஜி. பார்ப்பார்கள்.

சளியைப் பிசுபிசுப்பாக்குவது செத்த நியூட்ரோஃபில்களின் டி.என்.ஏ. அதை வெட்டும் டோர்னேஸ் ஆல்ஃபா 1993இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கு நன்றாக உதவுகிறது. அதே மருந்தை மற்றவகை பிராங்கியெக்டாசிஸ் நோயாளிகளுக்குக் கொடுத்தபோது நிலைமை மோசமானது. ஒரே மாதிரி தெரியும் நோய்களுக்கு ஒரே மருந்து ஒத்துவராது என்பதற்கு நல்ல உதாரணம்.

இப்போது அதிகம் பேசப்படுவது பிரென்சோகாட்டிப். இது அணுவை வரவிடாமல் தடுப்பதும் இல்லை, திருப்பிவிடுவதும் இல்லை. எலும்பு மஜ்ஜையில் நியூட்ரோஃபில் உருவாகும்போதே எலாஸ்டேஸை முடுக்கிவிடும் டி.பி.பி.1 என்ற என்சைமைத் தடுக்கிறது. பிறகு அணு அலைந்தாலும் கையில் இருக்கும் எலாஸ்டேஸின் கூர்மை குறைந்திருக்கும். பிராங்கியெக்டாசிஸ் நோயாளிகளை ஒரு வருடம் கவனித்த பெரிய ஆய்வில், நோய் தீவிரமாகும் தடவைகள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. 2025 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது. சி.ஓ.பி.டி.க்கு அல்ல, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அல்லாத பிராங்கியெக்டாசிஸுக்கு மட்டும்.

எலாஸ்டேஸைக் குறைத்தால் கிருமிக்குக் கொண்டாட்டமாகிவிடாதா என்ற பயம் இயல்பானது. அதற்கு இயற்கையிலேயே ஒரு முன்மாதிரி இருந்தது. பாப்பியோன்-லெஃபெவ்ர் என்ற அரிய பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்கு டி.பி.பி.1 வேலையே செய்வதில்லை. நியூட்ரோஃபிலில் எலாஸ்டேஸ் ஏறத்தாழ இருக்காது. ஆனாலும் பெரும்பாலானவர்களுக்குக் கடுமையான தொற்றுகள் அடிக்கடி வருவதில்லை. அவர்களுக்கு இருக்கும் தொல்லைகள் வேறு: உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துப் போகும், ஈறு கெட்டுச் சிறு வயதிலேயே பற்கள் விழும். அதனால்தான் பிரென்சோகாட்டிப் ஆய்வுகளில், நெஞ்சைப் பார்ப்பதோடு நோயாளிகளின் ஈறுகளையும் தோலையும் சேர்த்தே சோதித்துவந்தார்கள்.